பென்சில் இயந்திரம் ஆகாது

லென்னே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மழை பெய்யாத நாட்களையும், ரோஸ்விதா நோல்கே யாரோடும் சண்டை போடாத நாட்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். பால்பண்ணைகளுக்கு வால்வு செய்யும் எங்கள் ஊர்க் கம்பெனிக்குப் பதினாறு வயதில் அலுவலகப் பயிற்சிக்கு வந்தவள். உதிரிபாகப் பிரிவில் ஜன்னலோரம் அவள் மேசை. தொழிலாளர் மன்றத்துக்குப் பதினைந்து வருடமாக அவள்தான் தலைவி. காலை வணக்கம் சொன்னால்கூட எதற்கு என்று கேட்பாள் என்று வெளியூர் விற்பனையாளர்கள் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. கேட்கமாட்டாள், பார்ப்பாள். கணவர் ஹாகன் நகரத்துக்குத் தனியாகக் குடிபோய்ப் பத்து வருடம் ஆகிறது. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதைக் கொண்டுபோனாலும் முதலில் ‘முடியாது’ என்பாள். ஏன் முடியாது என்பதற்கான சட்டப் பிரிவை அதற்குப் பிறகுதான் தேடுவாள், தேடினால் கிடைத்தும்விடும். சனிக்கிழமை வேலை எங்களுக்கு இல்லாமல் போனது அந்த ‘முடியாது’வால்தான். அதனால் வாய்க்கு வாய் அவளைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு தேர்தலிலும் அவளுக்கே ஓட்டுப் போட்டோம். கடிக்கும் என்று தெரிந்துதானே வாசலில் நாயைக் கட்டுகிறோம்.

அவள் இப்படி ஆனதற்கு ஒரு கதை உண்டு. அதை அவளே வருடத்துக்கு நான்கு முறை, கேன்டீனில் நடக்கும் பணியாளர் கூட்டத்தில் சொல்வாள். 1998-இல் கம்பெனிக்குப் புதுத் தொலைபேசி இணைப்பு வந்தது. எந்த மேசையிலிருந்து எந்த எண்ணுக்கு எத்தனை நிமிடம் என்று அதுவே கணக்கெடுத்து அச்சடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. பக்கத்து மேசை அன்னெக்ரேட் தினமும் பதினோரு மணிக்கு, ஜீகன் ஆஸ்பத்திரியில் கிடந்த கணவனைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசுவாள். ஏப்ரலில் அவள் முன்னால் மூன்று பக்கத் தாளைப் போட்டார்கள். வரிக்கு வரி மஞ்சள் மை. அன்று மாலையே வேலை போயிற்று. ‘மூணே மூணு பக்கம்! மூணு பக்கத்துல ஒரு பொம்பளையோட பதினேழு வருஷத்தை மடிச்சு வெச்சுட்டாங்க’ என்று ரோஸ்விதா சொல்லும்போது கேன்டீனில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது.

ஒன்றை மட்டும் அவள் சொல்வதில்லை. அன்று அந்த அறையில் அவளும் இருந்தாள். அன்னெக்ரேட் வேலையில் எப்படி என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். எல்லாம் தெரியும். அந்த வாரமே அவள் மன்றத்தில் சேர்ந்தாள். இனி இந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் பட்டியல் காரணமாக வேலை போகக் கூடாது, அதை மட்டும் விடுவதில்லை என்று தனக்குத் தானே வைராக்கியம் வைத்துக்கொண்டாள்.

2015 இலையுதிர் காலத்தில் நிர்வாகி டாக்டர் கிராபோ, வாடிக்கையாளர் விவரம் அனைத்தையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள் ஒன்று வரப்போவதாக அறிவித்தார். உண்மையைச் சொன்னால் கம்பெனிக்கு அது தேவைப்பட்டது. ஒரே வாரத்தில் எங்கள் ஆட்கள் மூன்று பேர் ஒரே பால்பண்ணைக்குப் போய் மூன்று விலை சொல்ல, பண்ணைக்காரர் நாலாவது விலைக்கு வேறு கம்பெனியைத் தேடிப் போனார். ரோஸ்விதாவுக்கும் இது தெரியும். ஆனால் எந்த வாடிக்கையாளரிடம் எந்த ஊழியர், எத்தனை மணிக்கு, என்ன பேசினார் என்று அந்த மென்பொருள் குறித்து வைக்கும் என்று கேட்டவுடன் அவளுக்கு மஞ்சள் மைதான் கண்ணில் தெரிந்தது. அன்றே அதற்கு ‘ஒற்றன்’ என்று பெயர் வைத்தாள். மென்பொருளின் சொந்தப் பெயரை எங்களில் யாரும் அதற்குப் பிறகு சொன்னதாக ஞாபகம் இல்லை.

எங்கள் நாட்டுச் சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஊழியர்களைக் கண்காணிக்க முடிகிற எந்தத் தொழில்நுட்பச் சாதனமும் தொழிலாளர் மன்றத்தின் கையெழுத்து இல்லாமல் உள்ளே வர முடியாது. ரோஸ்விதா அந்தக் கையெழுத்தைப் பதினான்கு மாதம் கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

திட்டத்தை நடத்த மியூனிக்கிலிருந்து திமோ என்றொரு ஆலோசகன் வந்தான். வெள்ளைக் கேன்வாஸ் செருப்பு, கோட்டுக்கு உள்ளே டீ-சட்டை. முதல் கூட்டத்திலேயே, நாமெல்லாம் ஒரே குழு, இனி நீ, வா, போ என்றே பேசிக்கொள்ளலாம் என்றான். ரோஸ்விதா வேகாத பன்றிக் கொத்துக்கறி தடவிய தன் ரொட்டியிலிருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தபடி கேட்டாள்.

“நாம ரெண்டு பேரும் எங்கயாவது சேர்ந்து பன்னி மேய்ச்சோமா, தம்பி?”

அதற்குப் பிறகு அவன் அவளை ‘நோல்கே மேடம்’ என்றே அழைத்தான்.

கூட்டங்கள் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை நடந்தன. திமோ சுவரில் படம் காட்டுவான். அதில் எத்தனை கட்டம் இருக்கிறதோ அத்தனைக்கும் ரோஸ்விதா ஒரே கேள்வியைக் கேட்பாள்: இது யாரை வேவு பார்க்கும்? ‘கடைசியாகப் பேசியவர்’ என்ற கட்டத்துக்கு மட்டும் ஐந்து செவ்வாய்க்கிழமை போயிற்று. இப்படி நாள் கடத்தினால் திட்டத்தின் செலவு இரட்டிப்பாகும் என்று கிராபோ ஒருமுறை சொன்னார். அன்னெக்ரேட்டுக்கு ஆன செலவை யார் கொடுத்தார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கிராபோ அந்தப் பெயரை அப்போதுதான் கேள்விப்படுகிறார். அவர் இந்தக் கம்பெனிக்கு வந்து இரண்டு வருடம்தான்.

கடைசியில் பத்தொன்பது பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை ஒன்று உருவானது. ஏழாம் பிரிவு: யார் எழுதினார், எப்போது எழுதினார் என்ற விவரம் தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிட வேண்டும். எழுதிய செய்தி மட்டும் நிற்கும். பதினொன்றாம் பிரிவு: ஒற்றனில் இருக்கும் எதையும் எந்த ஊழியருக்கும் எதிராகப் பயன்படுத்தக் கூடாது. இந்தப் பிரிவு எழுதும்போதுதான் கிராபோ, நன்றாக எழுதுகிறவர்களுக்கு மாதா மாதம் சின்னப் பரிசு கொடுக்கலாமே என்றார்.

“பாராட்டும் ஒரு பட்டியல்தான், டாக்டர்” என்றாள் ரோஸ்விதா. “மேல ஒரு பேரு இருந்தா கீழ ஒரு பேரு இருக்கும். எதிராவும் வேணாம், ஆதரவாவும் வேணாம். ரெண்டையும் எழுதுங்க.”

‘ஆதரவாகவும்’ என்ற சொல் பின்னால் உங்கள் ஆட்களுக்கே தொல்லையாகலாம் என்று கம்பெனி வக்கீல் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். எதிராளி வக்கீல் நல்லது சொன்னால் அதில் விஷம் இருக்கும் என்பது ரோஸ்விதாவின் சித்தாந்தம். எழுதுங்கள் என்றாள். எழுதினார்கள்.

2017 ஜனவரியில் ஒற்றன் வேலைக்கு வந்தான். விற்பனையாளர்கள் அவனை வரவேற்ற விதம் ஊர் அறிந்தது. அவர்களில் மூத்தவன் டெட்லெஃப், மன்றத்தில் ரோஸ்விதாவின் வலது கை. வாடிக்கையாளரின் பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் தன் நானூறு பேருக்கும் மீன்பிடித்தல் என்று அடித்துவிட்டான். ஈஸ்டருக்கு நானூறு பால்பண்ணைகளுக்கும் தூண்டில் படம் போட்ட வாழ்த்து அட்டை போனது. மற்றவர்கள் ஒவ்வொரு சந்திப்புக்கும் ‘பேச்சு நன்றாக நடந்தது’ என்ற ஒரே வரியை ஒட்டினார்கள். சண்டை போட்டு விட்டு வந்த இடத்துக்கும் அதே வரிதான். திமோவின் முகம் மாதத்துக்கு மாதம் வெளுத்தது. ரோஸ்விதாவுக்கு அந்தக் குளிர்காலம் நன்றாகவே கழிந்தது.

ஒரே ஓர் ஆள்தான் அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். உதிரிபாகப் பிரிவிலேயே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்காரும் வீப்கே லூர்ஸ். முப்பத்து நான்கு வயது, வடக்கே கடற்கரைக்காரி, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். எல்லோரும் காப்பி குடிக்கும்போது தனியாகத் தேநீர் போட்டுக்கொள்வாள். யாரோடும் வம்புக்குப் போகமாட்டாள், ஆனால் வம்பு பேசவும் வரமாட்டாள். எங்களுக்கு இரண்டாவதுதான் பெரிய குற்றம். ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சு முடிந்ததும் யாரிடம் என்ன சொன்னாள் என்று ஒற்றனில் ஒழுங்காக எழுதிவைப்பாள். பிப்ரவரியில் ஒரு நாள் கேன்டீனில் யாரோ கேட்டதற்கு, தனக்கு அது வசதியாக இருக்கிறது, நேற்று யார் என்ன சொன்னார்கள் என்று தேட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள். பக்கத்து மேசையில் ரோஸ்விதா சூப்பைக் கீழே வைத்தாள்.

பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனவர்களைக் கூப்பிட்டு, ஒரு சின்னக் கிளாஸ் சாராயத்தோடு, இனி என்னை நீ என்றே சொல் என்பது ரோஸ்விதாவின் வழக்கம். வீப்கே வந்து ஆறு வருடம். அந்தக் கிளாஸ் அவளுக்கு வரவே இல்லை. இருவரும் ‘நீங்க’ போட்டு, ‘மேடம்’ போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவார்கள்.

சேமிப்பு வங்கியில் வருடப் பிறப்புக்கு இலவசமாகக் கொடுக்கும் சிவப்புச் சட்டைப்பை டைரி ஒன்று ரோஸ்விதாவிடம் இருந்தது. அதில் ஜனவரியிலிருந்தே அவள் சில விஷயங்களைக் குறித்துவந்தாள். ஒற்றனை யார் திறக்கிறார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். மன்றத்துக்குத் தன் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று தெரிய வேண்டாமா? கண்ணாடித் தடுப்பு அவளுக்கு வாய்ப்பாக இருந்தது. இது கண்காணிப்பு ஆகாதா என்று ஒரு நாள் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். சட்டம் சொல்வது தொழில்நுட்பச் சாதனம். பென்சில் சாதனம் ஆகாது. அதோடு அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. சட்டப் பிரிவு கிடைத்தால் மனசாட்சி தூங்கிவிடும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்கள்.

ஜூனில் இடி விழுந்தது. தெற்கே அல்காய் மலையில் எங்களுக்கு ஒரு பெரிய பாலாடைக்கட்டிப் பண்ணை வாடிக்கை. வால்வுக்குள் போடும் ரப்பர் வளையங்களை மார்ச்சில் அவர்களுக்கு அனுப்பியிருந்தோம். அந்தத் தொகுதி முழுவதிலும் கோளாறு; சூடான கழுவு நீர் பட்டால் பொடிப்பொடியாக உதிரும். அதைக் கண்டுபிடித்தவுடன் எல்லாப் பண்ணைகளுக்கும் சொல்லும் பொறுப்பு வீப்கேவுக்கு. அல்காய்ப் பண்ணையின் சரக்கறைக்காரனோ தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றான். ஜூன் பராமரிப்பில் வளையங்களை மாட்டினார்கள். பாலாடைக்கட்டிக்குள் கறுப்பு ரப்பர்த் துணுக்கு. நாற்பது டன் குப்பைக்குப் போயிற்று.

மார்ச் ஏழாம் தேதி கூப்பிட்டுச் சொன்னேன், ஒற்றனிலும் எழுதினேன் என்றாள் வீப்கே. திறந்து பார்த்தார்கள். ‘வளையங்களை மாட்ட வேண்டாம் என்று சொல்லப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. யார் சொன்னது, என்றைக்கு எழுதியது, இரண்டும் இல்லை. தொண்ணூறு நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. விவரம் அழிந்த பழைய வரியை யார் திருத்தினாலும் தடம் இருக்காது, விபத்துக்குப் பிறகு நீங்களே மாற்றி எழுதியிருக்கலாமே என்று கிராபோ கேட்டார். தொலைபேசிப் பட்டியலைப் பார்க்கலாம் என்றால், 1998-க்குப் பிறகு ரோஸ்விதா போட்ட சண்டையில் அதை எடுப்பதே நின்றுபோயிருந்தது. வீப்கே நின்ற இடத்தில் கால் ஊன்ற ஒரு சாண் தரையும் இல்லை, அந்தத் தரையைத் தோண்டி எடுத்தவள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை, வீப்கே லூர்ஸை உடனடியாக வேலையிலிருந்து நீக்கப்போவதாகவும், ஆட்சேபம் இருந்தால் மன்றம் வியாழனுக்குள் சொல்ல வேண்டும் என்றும் தாள் வந்தது. அன்று மதியமே கிராபோ ரோஸ்விதாவைப் பார்க்க மன்றத்தின் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அழிந்த விவரங்களின் நகல் ஒன்று மென்பொருள்காரர்களின் பெட்டகத்தில் இன்னும் இரண்டு வாரம் இருக்கும் என்று சொன்னார். திறந்தால் மார்ச் ஏழு தெரிந்துவிடும். ஆனால் ஆதரவாகவும் கூடாது என்ற பதினொன்றாம் பிரிவு தடுக்கிறது. ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: கடுமையான சம்பவங்களில் இந்தப் பிரிவு செல்லாது. தாளையும் தயாராக அடித்துக்கொண்டு வந்திருந்தார்.

“எது கடுமையான சம்பவம்னு யார் சொல்றது?” என்று கேட்டாள் ரோஸ்விதா.

“நிர்வாகந்தான்.”

“அப்ப நாளைக்கு ஒருத்தன் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தாலும் கடுமைதான்.”

“அந்தப் பொண்ணு நிஜமாவே போன் பண்ணியிருந்தா, அவளைத் தெருவுல நிறுத்துறது நான் இல்ல, நோல்கே மேடம். நீங்க.” கிராபோ எழுந்துகொண்டார். “உங்க கூட்டத்துல ஒரு கதை சொல்வீங்களாமே. இனிமே ரெண்டு கதையா சொல்லலாம்.”

வீப்கேவுக்காக மட்டும், இந்த ஒரு தடவைக்கு மட்டும் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவள் செவ்வாயன்று ஆள் அனுப்பினாள். ஆளுக்கொரு சட்டம் வைத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. அவள் இதே வாக்கியத்தைப் பதினான்கு மாதம் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை காலை வீப்கே வந்தாள். அழுத முகம் இல்லை, தூங்காத முகம். நின்றுகொண்டே பேசினாள்.

“நான் கூப்பிட்டேன்னு உங்களுக்குத் தெரியும்ல, மேடம்? நீங்க எதிர்ல தானே உக்காந்திருந்தீங்க.”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒரு நாளைக்கு அம்பது பேர்கிட்ட பேசறீங்க.”

“அந்த ஆளுக்குக் காது சரியாக் கேக்காது. கத்திக் கத்திச் சொன்னேன். நீங்ககூட எந்திரிச்சு வந்து கண்ணாடிக் கதவைப் பட்டுனு சாத்துனீங்க.”

ரோஸ்விதா தெரியாது என்றாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன் அதே கட்டிடத்தில், அதே குரலில், அதே சொல். வீப்கே திரும்பிப் போய்விட்டாள்.

ரோஸ்விதா கோட்டைக்கூட மாட்டாமல் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். காருக்குள் உட்கார்ந்து சிவப்பு டைரியைத் திறந்தாள். மார்ச் ஏழு, செவ்வாய். அவளுடைய பொடி எழுத்து: ‘10.20. லூர்ஸ். அல்காய்க்குப் போன். வளையத்தை மாட்டாதே, மாட்டாதே என்று கூச்சல், கதவைச் சாத்தினேன். உடனே ஒற்றனில் 12 நிமிடம். எசமான விசுவாசம். 11.00 தீயணைப்பு ஒத்திகை, மழையில் நிறுத்தினார்கள்.’

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி என்று சொல்ல ஆசைதான். வந்தது பயம். அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தாள். தனித் தாளை எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே என்று கிராபோ கேட்பார்; வீப்கேவிடம் கேட்டது அதுதான். முழு டைரியாகக் கொடுத்தால்தான் நம்புவார். முழு டைரி என்றால் ஆறு மாதம், பதினெட்டுப் பேர், கழிவறைக்குப் போய் வந்த நேரம்வரைக்கும். பக்கத்தைப் புரட்டப் புரட்ட அவளுக்கே கை கூசியது. இவ்வளவு எழுதியிருக்கிறோமா? ஒற்றன்கூட எசமான விசுவாசம் என்றெல்லாம் எழுதமாட்டான்.

டைரியை ஆற்றில் போட்டுவிடலாம். லென்னே பக்கத்தில்தான் ஓடுகிறது, யாருக்கும் தெரியாது. வீப்கே லூர்ஸ் அவளுக்கு யார்? தேநீர் குடிப்பவள். ஒற்றனுக்குச் சேவகம் செய்தவள். அவளைப் பிடிக்காது, இன்றும் பிடிக்கவில்லை, நாளைக்கும் பிடிக்கப்போவதில்லை. மழைத்துளி முன்கண்ணாடியில் விழ ஆரம்பித்தது. மதிய உணவு முடியும்வரை அவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு மன்றத்தின் ஏழு பேரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எதிரே கிராபோவும் வக்கீலும். கதவோரம் வீப்கே. மன்றம் என்ன சொல்கிறது என்று கிராபோ கேட்டார். ரோஸ்விதா சட்டைப்பையில் கைவிட்டாள். டைரியை எடுத்து, மார்ச் ஏழில் பேருந்துச் சீட்டு ஒன்றை அடையாளம் வைத்து, மேசையில் தள்ளிவிட்டாள்.

கிராபோ படித்தார். வக்கீல் படித்தார். தீயணைப்பு ஒத்திகையின் நேரத்தைக் கம்பெனிக் குறிப்போடு ஒப்பிட்டார்கள், சரியாக இருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று தள்ள வழியில்லை. இந்த ஓணான் அந்த வேலியைப் பார்த்தாலே சீறும் என்பது கம்பெனிக்கே தெரியும். பகையாளி எழுதிய சாட்சியை விடப் பலமான சாட்சி எது?

கிராபோ நிறுத்தவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார், அதற்கடுத்ததை. அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“மேடம்” என்றார், “நான் இவ்வளவு செலவு பண்ணி வாங்குன மென்பொருள்ல இதுல பாதிகூட வராது.”

டைரி கை மாறி டெட்லெஃபிடம் வந்தது. அவன் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தான். ‘டெட்லெஃப். ஏப்ரல் 12. யாரும் இல்லாதபோது ஒற்றனைத் திறந்து ஒழுங்காக எழுதுகிறான். வெளியே வீரம், உள்ளே பயம்.’

“ரோஸி” என்றான். “பதினஞ்சு வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்டி.”

அவளுக்குச் சொல்ல ஒரு பதில் தயாராக இருந்தது. பென்சில் தொழில்நுட்பச் சாதனம் ஆகாது. வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். மற்ற ஆறு பேரில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீப்கேவின் நீக்கத்தைக் கிராபோ அந்த இடத்திலேயே திரும்பப் பெற்றார். அல்காய்ப் பண்ணைக்காரர்கள் தங்கள் சரக்கறைக்காரனிடம் பேசிக்கொள்ளட்டும் என்றார். பதினொன்றாம் பிரிவு அப்படியே நின்றது. ஒரு சொல்கூட மாறவில்லை. ஒருவருக்கும் பட்டியல் காரணமாக வேலை போகவில்லை. ரோஸ்விதா வைத்த வைராக்கியம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. பத்து மணிக்கு டெட்லெஃப் அவளைத் தலைவி பதவியிலிருந்து விலகச் சொல்லி ஒரு தாளை எழுதினான். மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அதைப் படிக்காமலே ஏழாவது கையெழுத்தைப் போட்டாள். எதையும் படிக்காமல் அவள் கையெழுத்திட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பதினோரு மணிக்கு அவள் உதிரிபாகப் பிரிவுக்குத் திரும்பினாள். வீப்கே தன் மேசையில் உட்கார்ந்து காதில் மாட்டும் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ரோஸ்விதா கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சாத்துவதற்கு அல்லாமல் அந்தக் கதவைத் தொட்டாள். கையில் இரண்டு சின்னக் கிளாஸ்.

“லூர்ஸ் மேடம்” என்றாள். ஒரு கிளாஸை மேசையில் வைத்தாள். “இனிமே என்னை ரோஸ்விதான்னே கூப்பிடலாம். நீ, வான்னு.”

வீப்கே கிளாஸைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

“வேண்டாம், மேடம். ‘நீங்க’ன்னே இருக்கட்டும்.” பிறகு கேட்டாள்: “அந்த டைரில நான் எத்தனை பக்கத்துல இருக்கேன்?”

ரோஸ்விதாவுக்குத் தெரியும். புதன்கிழமை காரில் உட்கார்ந்து எண்ணியிருந்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“முப்பத்தெட்டு.”

வீப்கே தலையசைத்தாள். கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, எண்களை அழுத்துவதற்கு முன் ஒரு தடவை நிமிர்ந்தாள்.

“அன்னெக்ரேட்டோடது எத்தனைன்னு சொல்வீங்க?”

வருடத்துக்கு நான்கு முறை, பத்தொன்பது வருடம் கேன்டீன் அதிரச் சொன்ன எண் அது. அதை இப்போது ஒருத்திக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது.

“மூணு” என்றாள் ரோஸ்விதா.

எண்களை அழுத்தியதும் எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். வீப்கே வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்லி, ஒற்றனைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.